புயலுக்குப் பொறுப்பாளி யார்?

கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையினின்று கடல்வழியே சாவகத் தீவை அடைந்த சீனத் துறவி பாஹியான், அங்கு 5 திங்கள் தங்கினார். பின்னர் ஏறத்தாழ 200 பேருடன் வணிகரின் பாய்மரக் கப்பலில் தாயகம் புறப்பட்டார். ஒரு திங்கள் கழிந்ததும் கடும்புயல் சூழ்ந்தது. துறவியை ஏற்றியதே இடுக்கணுக்குக் காரணம், அவரை ஒரு தீவில் இறக்கிவிடுவோம் என்றனர் உடன்சென்ற பிராமணர். அவரை ஆதரித்த ஒருவரோ, இறக்குவதாயின் என்னையும் இறக்குங்கள், அன்றேல் கொல்லுங்கள் என்று குறுக்கே நின்றார்.

காற்று ஏன் திரும்பிற்று என்பதை அவரும் அறியார். ஆயினும், அறியாத காரணத்திற்காக ஒருவரைத் தண்டித்தல் அறமன்று என்பதை அறிந்திருந்தார். கப்பல் துறவியுடனேயே சீனக் கரை சேர்ந்தது.

கடலற்ற புத்தூரில் வாழும் நமக்கும் இது பொருந்தும். மழை பொய்த்தாலும் மாடு மடிந்தாலும் பழிசுமக்க எளியவர் ஒருவரைத் தேடுவது அச்சத்தின் இயல்பு. அவ்வேளையில் அவரருகே சென்று நிற்பதே நம் கடன்.