கல்லறை வாசகம் யாருடைய கூற்று? – ‘எபிடாஃப்’ என்னும் சொல்லை முன்வைத்து

இறந்தவரின் கல்லறைமேல் பொறிக்கப்பெறும் தொடரை ஆங்கிலத்தில் ‘எபிடாஃப்’ என்பர். தமிழில் கல்லறை வாசகம் என வழங்குகிறோம். அவ்வாசகம் இறந்தவரின் கூற்றா, கல்லை நாட்டியவரின் கூற்றா என்பது எளிய வினாப்போல் தோன்றும். இதற்கான விடை அச்சொல்லின் பிறப்பிலேயே உண்டு என்பதையும், அவ்விடை நம்மீது ஓர் அறக்கடமையைச் சுமத்துகிறது என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வரலாறு

கிரேக்கத்தில் ‘டாஃபோஸ்’ என்பது அடக்கத்தையும் அடக்கம் செய்த இடத்தையும் குறிக்கும். ‘எபி’ என்பது ‘மேல்’ என்னும் பொருளுடைய முன்னொட்டு. இவ்விரண்டும் சேர்ந்தமைந்த ‘எபிடாஃபியோஸ்’, உரை எனப் பொருள்படும் ‘லோகோஸ்’ என்பதற்கு அடையாகி நின்று, போரில் மாய்ந்தோரை அடக்கம் செய்யுங்கால் ஏதென்சு நகரத்தார் சார்பில் ஒருவர் நிகழ்த்தும் உரையைக் குறித்தது. கி.மு. 431ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெரிக்கிளிஸ் ஆற்றியதாகத் தூசிடைடிஸ் தம் வரலாற்று நூலில் தரும் உரை இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். கல்லில் பொறித்த தொடருக்கோ, ‘மேல் எழுதப்பட்டது’ எனப் பொருள்படும் ‘எபிகிராம்மா’ என்னும் வேறு பெயர் இருந்தது. பின்னர் ‘எபிடாஃபியும்’ என இலத்தீனில் வழங்கிய சொல் கல்லெழுத்தையும் குறிக்கலாயிற்று. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது.

இம்மாற்றத்தில் ஒன்று கருதத்தக்கது. உரை நிகழ்த்துபவர் மக்கள் கண்முன் நிற்கிறார். அவர் கூறுவது அவர் கூற்றே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. உரை கல்லெழுத்தானபின் பேசுபவர் மறைகிறார், கல்லே பேசுகிறது. கல்லின் கீழ் இருப்பவர் பேசுவதாகக் கொள்ளவும் இடம் உண்டாகிறது.

தன்மையும் படர்க்கையும்

கி.மு. 480இல் தெர்மோபிலையில் மாண்ட ஸ்பார்ட்டா வீரர்க்கு நாட்டிய கல், அவ்வீரர்களே வழிப்போக்கனை விளித்துப் பேசுவதாக அமைந்ததை எரோடோட்டசு பதிவு செய்துள்ளார். நாகாலாந்தின் கோகிமாவில் 1944ஆம் ஆண்டுப் போரில் மாண்டோர்க்கு எழுப்பிய நினைவுக்கல்லும் இம்மரபினதே. அதன் வாசகம் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் ஜான் மேக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் முதல் உலகப்போர்க் காலத்தில் இயற்றியதாகக் கூறப்படுவது. அவ்வாறாயின், கோகிமாவில் மாண்டோர் ‘பேசும்’ சொற்கள் அவர்தம் மறைவிற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னரே எழுதப்பட்டவை.

தமிழ் நடுகல் மரபு பெரும்பாலும் படர்க்கையில் அமைவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கற்களுள் ஒன்று, ஆகோளில் பட்டவனின் பெயரையும் ஊரையும் மட்டும் கூறி அமைகிறது. அவன் வாயில் எச்சொல்லையும் வைக்கவில்லை.

தன்மைக் கூற்றாய் அமைவதனாலேயே ஒரு வாசகம் பொய்யாகிவிடாது. இறந்தோர் பேசார் என்பதைப் படிப்போர் அனைவரும் அறிவர். ஆதலின் அது கவிதை மரபு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ‘இவ்வாறு எழுதுக என அவரே வேண்டினார்’ எனச் சொல்லுமிடத்துத்தான் அம்மரபு வரலாற்றுச் செய்தியாக மாறுகிறது. செய்திக்குச் சான்று வேண்டும்.

போப்பின் கல்லறை

ஜி.யு. போப் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். ஆக்சுபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். தம்மைத் தமிழ் மாணவன் எனக் கல்லறையில் பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்றும் நம் மேடைகளிலும் பாடநூல்களிலும் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. கல்லில் அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்பதும், ஆக்சுபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்பதும், கீழைநாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்பதுமே அங்கு உள்ளன.

1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவரைத் தமிழ் மாணவன் என அழைப்பதில் பிழை என்ன என வினவலாம். நாம் அழைப்பதில் பிழையில்லை. அது நம் அன்பின் உரை. அவ்வுரையை அவர் வாயில் வைக்கும்போது நம் மொழிக்கு நாமே சூட்டும் புகழ், அவருடைய பணிவாக உருமாறுகிறது. அதனை மறுக்கவோ உடன்படவோ அவர் இல்லை. மறுக்க இயலாதவர் பெயரால் பேசுவோர்க்கு வாய்மைப் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

முடிவாக, கல்லறைமேல் நின்று வாழ்வோர் ஆற்றும் உரை என்பதே ‘எபிடாஃப்’ என்னும் சொல் நமக்கு உணர்த்தும் பொருள். அவ்வுரைக்கு உரியவர் தம் பெயரை மறைத்தலாகாது. ஆக்சுபோர்டுக் கல் இக்கடமையைச் செவ்வனே நிறைவேற்றியுள்ளது. தன்னை நாட்டியவர் இன்னார் எனச் சொல்கிறது. அவருள் தமிழரும் இருந்தனர் என்னும் மெய்ச்செய்தி, நாம் வழங்கிவரும் கதையினும் தமிழர்க்குப் பெருமை தருவது. மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதும் அதுவே.