அன்பின் அருகே நிற்கும் பகை

மைத்திரிக்குப் பகைகள் இரண்டு என்று விசுத்திமார்க்கம் கூறுகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆசாரிய புத்தகோசர் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து இயற்றிய அந்நூல், வெறுப்பைத் தூரப் பகையாகவும் இராகத்தை அண்மைப் பகையாகவும் வைக்கிறது. தூரத்துப் பகைவனைக் கண்டவுடனே அறியலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வருபவனை அன்பனென்று எவரும் நம்பார். அண்மைப் பகையோ அன்பின் உடையை உடுத்தி, அன்பின் மொழியைப் பேசி, அன்பு இருக்கவேண்டிய இடத்திலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் முதன்முறையாக ஒருவர்மேல் மனம் செல்லும் பிள்ளைக்கு இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பவர் யார்?

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பிள்ளைகள் பஞ்சசீலத்தைப் பிழையின்றிச் சொல்லுகிறார்கள். மூன்றாம் சீலத்தின் பொருளைக் கேட்டால், பிறன்மனை நாடாமை என்று விடை வருகிறது. விடை தவறன்று, ஆயினும் அது மணமானவனுக்குரிய விடை. மணமாகாத இளைஞன் மணமாகாத பெண்ணைப் பேருந்து நிறுத்தம் வரை நாள்தோறும் தொடர்வதும், அவள் கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதும், "நீ வராவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன்" என்று அச்சுறுத்துவதும் அவ்விடைக்குள் அகப்படவில்லை. இத்தனையும் செய்துவிட்டு அவன் தன்னைச் சீலம் வழுவாதவனென்றே எண்ணியிருப்பான். இசையாத ஒருவரை வற்புறுத்துவதும் காமத்தில் தீயொழுக்கமே என்று அவனுக்கு நாம் வாய்திறந்து சொல்லவில்லை.

சொல்வதற்கு நமக்கு மணிமேகலைக் காப்பியம் இருக்கிறது. அரசகுமாரனாகிய உதயகுமரன் மணிமேகலையை விரும்புகிறான். உவவனத்தில் அவளைத் தேடி வந்து, கிட்டாமையால் இகழ்ந்தும் பேசுகிறான். அவன் சென்றபின் அவள் தோழி சுதமதியிடம் சொல்வதைக் கூர்ந்து நோக்கவேண்டும். கற்பிலள், தவவுணர்விலள், பொருளுக்கு விலையாகுபவள் என்று தன்னை இகழ்ந்தவன் அவன். அதை அறிந்தும் தன் நெஞ்சு அவன் பின்னே சென்றதென்று அவள் ஒளிக்காமல் சொல்லுகிறாள். காமத்தின் இயற்கை இதுதானோ என்று அவளே வியக்கிறாள். இகழ்பவனிடத்தும் மனம் சாயக்கூடும் என்னும் இவ்வுண்மையைச் சீத்தலைச் சாத்தனார் ஒரு பேதைமேல் ஏற்றிக் கூறவில்லை. காப்பியத் தலைவியின் வாயாலேயே கூறவைத்தார். ஆகலின், துன்புறுத்துபவனை விட்டு விலகமாட்டாமல் தவிக்கும் பெண்ணைப் பார்த்து, "உனக்கு அறிவில்லையா?" என்று கேட்பவர்கள் இந்த ஐந்தாம் காதையை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

இன்னொன்றும் இங்கே உண்டு. மனம் சாய்ந்தும் அவள் இசையவில்லை. சாய்வு வேறு, இசைவு வேறு. உதயகுமரன் இவ்வேறுபாட்டை அறியாமல் இறுதிவரை துரத்தினான். நம் திரைப்படக்காரர் பலர் அவனையே கதாநாயகனாக்கிப் பாட்டும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

அடுத்து வருகிறான் காஞ்சனன். அவன் மனைவி காயசண்டிகை. அவளுடைய வடிவத்தைத் தாங்கியிருந்த மணிமேகலை உதயகுமரனுக்கு அறவுரை கூறியதைக் கண்டு, அதைக் காதல் மொழியெனக் கொண்டான். ஒரு சொல்லும் கேளாமல் மறைந்திருந்து, நள்ளிரவில் வந்த அரசகுமாரனை வாளால் வெட்டினான். உண்மைக் காயசண்டிகையோ அதற்கு முன்பே விந்தமலையில் மாண்டுபோயிருந்தாள்! இல்லாத ஒருத்திக்காக ஒரு கொலை. "அவனோடு ஏன் பேசினாய், யாருக்குச் செய்தி அனுப்பினாய், எங்கிருக்கிறாய் எனப் படமெடுத்து அனுப்பு" என்று மணிக்கொருமுறை கேட்கும் இன்றைய இளைஞன், வாளில்லாத காஞ்சனனே. நான் நூற்பாலையிலிருந்த காலத்தில், எவன் எத்தனை நிமிடம் இயந்திரத்தைவிட்டு அகன்றான் என்று குறித்துவைக்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவருக்கு எங்கள்மேல் காதலென்று எவரும் சொன்னதில்லை.

பெண் பிள்ளைகளும் இவ்வாறு கண்காணிப்பதுண்டு. ஆண் பிள்ளைகளும் நகைப்புக்கஞ்சி வாய்மூடித் துன்புறுவதுண்டு. இருபாலாரும் தம்மைத்தாமே ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பகவான் சிகாலனுக்கு உபதேசித்தபோது, நண்பனின் உயர்வில் மகிழ்பவனையே நல்ல நண்பர்களுள் ஒருவனாகக் குறித்தார். எனக்கு மதிப்பெண் மிகுந்தபோதும், புதிய தோழமை கிடைத்தபோதும் அவன் முகம் மலர்ந்ததா, கூம்பியதா? கணவன் மனைவிக்குச் செய்யவேண்டியவற்றுள் மதித்தலையும் இகழாமையையும் பகவான் முதலில் வைத்தார். ஆடை அணிகலன்கள் கடைசியில்தான் வருகின்றன. பிறந்தநாளுக்குப் பரிசளித்துவிட்டு மறுநாள் நாலுபேர் நடுவே ஏசுகிறவன் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டான்.

சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் மறுத்த பெண்ணைத் தொடர்ந்து செல்வதைத் தனிக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி அதற்கு முதன்முறை 3 ஆண்டு வரையும், மறுமுறை 5 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் இதில் சேரும். அவள் இசைந்து எடுத்த அந்தரங்கப் படமாயினும் இசைவின்றிப் பரப்புவது 77ஆம் பிரிவின்படி குற்றம். 18 வயதுக்குட்பட்டவரின் இசைவை 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இசைவாகவே கொள்வதில்லை.

எனினும் இவையெல்லாம் பிள்ளை வாய்திறந்த பிறகே பயன்படும். வாயை அடைப்பவர்கள் பெரும்பாலும் நாமே. சாதி கடந்த காதலுக்காக உயிரைப் பறிக்கும் நாட்டில் பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் செய்தி தெரிந்தவுடன் கைப்பேசியைப் பிடுங்கி, கல்லூரியை நிறுத்தி, அவசர மணத்துக்கு ஆள் தேடும் வீடு, மிரட்டுபவனுக்கே துணைசெய்கிறது. "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்பதே அவன் கையிலுள்ள ஆயுதம். அதைத் தீட்டிக் கொடுப்பவர் அப்பா. மணிமேகலைக்கு ஒரு சுதமதி இருந்தாள். நம் பெண்ணுக்கு அம்மாவோ, அத்தையோ, சங்கத்து மூத்த உபாசிகை ஒருவரோ அவ்வாறு இருக்கவேண்டும். அவள் ஓர் இரவு கைப்பேசியை நீட்டினால், யார் அவன், என்ன குலம் என்ற விசாரணை பிறகு ஆகட்டும். உனக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணையவழிக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்கள் உள்ளன. அழைக்கும்போது அவள் பக்கத்தில் அமர்ந்திருங்கள்.