காத்திருக்கச் சொல்லும் கணிதம்

பெரும்போகப் பயிர் குடலைப் பருவத்தை எட்டும் வேளை, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணிப் பகுதி வயலொன்றில், நெற்றண்டின் அடியிற் கபிலநிறத் தத்திகள் சில தென்படுவதாகக் கொள்வோம். கிழக்கிலங்கை உழவர் இதனை அறக்கொட்டியான் என்பர். பெருகினாற் பயிர் வட்டவட்டமாகக் கருகும். எனவே உழவரின் கை உடனே மருந்தை நாடுகிறது. கணிதமோ பொறுக்கச் சொல்கிறது. கணிதத்துக்கு அவ்வுரிமை உண்டா?

இத்தாலியக் கணித அறிஞர் வொல்தெரா 1926இல் இரையையும் இரைகௌவியையும் இரு வகையீட்டுச் சமன்பாடுகளால் இணைத்தார். (அவர் கருதியது கடல்மீன்களை, நெல்வயலை அன்று.) அவற்றிற் பிறக்கும் முடிபு வியப்பானது. இரையின் சராசரித் தொகை அதன் சொந்தப் பெருக்க வீதத்திலே தங்கியிருப்பதில்லை. இரைகௌவியின் இறப்பு வீதத்திலே தங்கியுள்ளது. ஆகவே இரண்டையும் ஒருங்கே கொல்லும் நஞ்சு, காலப்போக்கில் இரையையே பெருக்கும். தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே இடுகின்றது. தெளிக்கும் மருந்து அங்கு எளிதிற் சென்றடையாது. வெளியே திரியும் சிலந்திகள் மடிகின்றன. பொரித்த குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் கிடைக்கிறது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தமை இவ்வனுபவத்தின் பின்னரே.

கணக்கில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சராசரி என்பது நூறு வயல்களின் மொழி. நகையை அடகுவைத்து, குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்பவருக்கு இருப்பது ஒரே வயல். கணக்குப் பிழைத்தால் கணிதவியலாளர் தாளைத் திருத்துவார். உழவர் எதைத் திருத்துவார்? 2021இல் அரசு செயற்கை உரங்களையும் வேளாண் இரசாயனங்களையும் ஒரேயடியாகத் தடுத்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தியது. நட்டம், முடிவெடுத்தவரை விட்டு வயலில் நின்றவரையே சேர்ந்தது.

அவர் விருப்பப்படி அடிக்கட்டும் என்று விடவும் இயலாது. சிலந்திக்கு வரம்பு தெரியாது. ஒருவர் தெளித்த நஞ்சு அயலவரின் காவலையும் அழிக்கும். பொறுத்திருப்பவர் தமக்காக மட்டும் பொறுப்பதில்லை. அங்ஙனமாயின், அவருடைய பொறுமை தோற்கும் ஆண்டில் இழப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது எவ்வாறு நீதியாகும்? வேளாண்மைக் காப்புறுதிக்கு இந்நாட்டில் 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மருந்தடியாது காத்திருந்தமையைக் கவனக்குறைவாகக் கொள்ளாது, ஏற்ற அறிவுரையின் விளைவாகக் கொண்டு ஈடுசெய்ய அதில் இடம் வேண்டும். அறிவுரைப்பவரும் வயலில் இறங்கித் தத்தியோடு சிலந்தியையும் எண்ணிக் காட்டி, சில நாளில் மீண்டும் வந்து எண்ணட்டும்.