சும்மா ஓடும் மோட்டார்

ஒரு பெண் எதற்கும் உதவாத ஒரு பொருளைத் தன் பணத்தில் வாங்கி, தன் இடத்தில் வைத்துக்கொள்ளலாமா? சின்னக் கேள்விதான். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது இதுதான். அதனால் இந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

நான் பழைய மோட்டார்களைச் சேகரிக்கிறேன். பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னியல் பட்டறைப் பயிற்றுநராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். இப்போது கோவையில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் 23 மோட்டார்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிணற்று மேட்டில் கிடந்த பம்பு மோட்டார்கள். சில, பழைய கிரைண்டர்களிலிருந்து கழற்றியவை. பாதியை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு வாங்கினேன். மீதி உறவினர் தோட்டங்களிலிருந்து வந்தவை. செம்புக் கம்பிக்காக உடைப்பதற்கு முன் நான் போய்ச் சேர்ந்தால் மோட்டார் பிழைக்கும். துருவை நீக்கி, பேரிங் மாற்றி, எரிந்த காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, மறுபடி சுற்றுவேன். ஓடினால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பேன். பிறகு அணைத்துவிடுவேன். தண்ணீர் இறைப்பதில்லை, விற்பதும் இல்லை.

இந்த ஊரில் இது அதிசயமாக இருக்கக் கூடாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகிய ஊர் இது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார்கள். 1955இல் பி. சபாபதி கிரைண்டரைச் செய்தார். அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய காரைத் துடைத்து வைத்திருக்கும் ஆணை இந்த ஊர் ரசனைக்காரர் என்று சொல்லும். என் சின்ன மாமியார் என்னிடம் கேட்டது வேறு: “ஏங்கண்ணு, இத்தன இரும்ப வெச்சுட்டு என்ன பண்ணப்போற? பேத்திக்கு ஒரு பவுன் எடுத்து வெச்சாலும் ஆகுமல்லோ?”

அவர் கேட்டதில் ஓர் உண்மை இருக்கிறது. நாம் எப்போதும் சேகரிப்பவர்கள்தான். மகள் பிறந்த நாளிலிருந்து பவுன் சேர்க்கிறோம். சீருக்கென்று அண்டாவையும் குடத்தையும் பரணில் ஏற்றுகிறோம். அந்தச் சேகரிப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அது இன்னொருவருக்குப் போகப்போவது. என் மோட்டார்கள் யாருக்கும் போகப்போவதில்லை. எடைக்கு வாங்கும் மோட்டாரின் விலை ஒரு பவுன் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. உறுத்துவது செலவு என்றால் பவுன்தான் அதிகம் உறுத்த வேண்டும்.

மோட்டார் சேகரிப்பு உலகில் பல இடங்களில் உண்டு. படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களைச் சேகரிப்பவர்களுக்கு அமெரிக்காவில் 1965 முதல் சங்கமே இருக்கிறது. அந்த மோட்டார்களில் புகழ்பெற்ற பெயர் ஓலே எவின்ரூட். 1909இல் அவர் தன் மோட்டாரை விற்கத் தொடங்கினார். அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை இது: ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போயிருந்தபோது காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார், ஓலே துடுப்பு வலித்துப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டது, அதனால் மோட்டார் பிறந்தது. பெஸ் எவின்ரூட்தான் அந்த நிறுவனத்தின் வணிகத்தை நடத்தினார், விளம்பர வாசகமும் எழுதினார். ஆனாலும் கதை அவரை ஐஸ்கிரீம் கேட்ட பெண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறது.

நம் ஊரிலும் மோட்டாரின் பெயர்த்தகட்டில் முதலாளியின் பெயர் இருக்கும். கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகளில் வைண்டிங் மேசையில் உட்கார்ந்து கம்பி சுற்றுபவர்களில் பெண்கள் நிறையப் பேர். பழைய காயிலைப் பிரிக்கும்போது அது யார் கை சுற்றியது என்று சொல்லும் தடயம் எதுவும் கிடைப்பதில்லை.

சரி, இயந்திரங்கள் பெண்களுக்கு நேரத்தையாவது தந்தனவா? என் சிறு வயதில் தோட்டத்து வீடுகளில் இட்லியும் தோசையும் நோம்பிக்குத்தான். மற்ற நாளில் களியும் கம்பஞ்சோறும். கிரைண்டர் வந்து ஆட்டுக்கல் போனது. இட்லி அன்றாடம் ஆனது. ஆட்டுவது குறைந்தது, ஊறவைப்பதும் வழிப்பதும் கழுவுவதும் வார்ப்பதும் தினமும் வந்தன. அமெரிக்க வீடுகளைப் பற்றி ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலில் இதையே காட்டினார்: கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலை நேரம் குறையவில்லை. 2019இல் நம் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள்; செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். மிச்சமாகும் நேரம் தானாகப் பெண்ணிடம் வருவதில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். பயனுள்ள காரணம் சொல்லிக் கேட்டால், அந்தக் காரணமே நேரத்தை விழுங்கிவிடும். அதனால்தான் காரணம் இல்லாமல் கேட்கிறேன்.

இங்கே எனக்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. ஓய்வுக்காகத்தான் வேலை செய்கிறோம் என்றார் அரிஸ்டாட்டில். ஆனால் அவர் மனதிலிருந்த குடிமகனின் ஓய்வு, அடிமைகளும் பெண்களும் செய்த வேலையின் மேல் நின்றது. நான் கொட்டகையில் இருக்கும் காலை நேரத்தில் என் வீட்டுப் பாத்திரங்களை ஓர் அக்கா கழுவுகிறார். என்னைவிட மூத்தவர். எனக்குப் பென்ஷன் வருகிறது, அவருக்கு வராது. அப்படியானால் நான் கேட்கும் உரிமை பெண்ணின் உரிமையா, பென்ஷன் வாங்கும் பெண்ணின் சலுகையா?

மோட்டார்களை விற்றுவிடுவது இதற்குப் பதில் ஆகாது. நான் எனக்குக் கேட்பதை அவருக்கும் தர வேண்டும், அதே நிபந்தனையில். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. அந்த நாளில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஒரு தடவை அவராகவே சொன்னார்: “சும்மா உக்காந்திருந்தனுங் டீச்சரம்மா.”

சும்மா. “அவ ஊட்ல சும்மாதான் இருக்கா” என்று நாள் முழுக்க உழைக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லும் அதே சொல். உழைக்கும்போது சும்மா இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே சும்மா இருந்தால் ஏன் என்று கேட்கிறார்கள். அக்கா அந்தச் சொல்லை வெட்கப்படாமல் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் பென்ஷனுக்கு ஈடாகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கணக்கு தீரவில்லை. வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஓய்வூதியம் கிடைக்கும் வரை தீரவும் தீராது.

இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: யாருக்கும் உதவாமல், உனக்கு மட்டும் பிடித்தது என்ன? பதில் வர நேரமாகலாம். வந்தால், அதனால் என்ன பயன் என்று மட்டும் கேட்காதீர்கள்.