சந்திரகிரியில் வளர்ந்த பிள்ளை

திருமலையில் மகாதுவாரத்தைத் தாண்டியதும், வரிசை நெருக்கித் தள்ளுகிற இடத்தில், கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் சில இருக்கின்றன. கிருஷ்ணதேவராயர் திருமலாதேவி, சின்னாதேவி இருவரோடும் நிற்கிறார். வேங்கடபதி ராயர் தனியாக நிற்கிறார். கோவிந்தா கோஷத்தோடு நகரும் கூட்டம் அவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சந்திரகிரியிலும் பிறகு வேலூரிலும் இருந்துகொண்டு விஜயநகரத்தில் மிஞ்சியதை ஆண்டவர் அவர். 1614 அக்டோபரில் அவர் கண்மூடியபோது ஒரு கேள்வி பாக்கி நின்றது. தனக்குப் பிறக்கவில்லை என்று தெரிந்தும் ஒருவனைப் பிள்ளையாக வளரவிட்டவர், அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

நடந்ததை எழுதி வைத்தவர் மானுவேல் பர்ராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார். 1616 டிசம்பரில் அவர் எழுதிய கடிதம் சொல்வது இது. அரசி பாயம்மாவுக்குக் குழந்தை இல்லை. ஒரு பிராமணப் பெண் பெற்ற பிள்ளையை வாங்கி, தான் பெற்றதாக ஊருக்குக் காட்டினாள். அரசருக்கு விஷயம் தெரியும். அரசி மேல் இருந்த பிரியத்தால் தெரியாதவர் போல இருந்துவிட்டார். விருந்து வைத்தார், பட்டத்துக்கு வரப்போகிறவனுக்கு உரிய ‘சிக்கராயர்’ என்ற பெயரையும் கொடுத்தார். ஆனால் மகனாக ஒரு நாளும் நடத்தவில்லை. சந்திரகிரி அரண்மனையை விட்டு அரசியோடல்லாமல் அவன் வெளியே வரக்கூடாது. பதினான்கு வயதில், மனைவி வீட்டாரின் மனம் கோணாமலிருக்க, உறவுப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தார்.

திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் சந்திரகிரி. பாறைக் குன்றின் அடியில் ராஜ மகால், மூன்று மாடி; மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பால் எழுப்பியது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள், ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. அங்கே பூட்டி வளர்க்கப்பட்ட பையனுக்கு, தன்னை ஏன் வெளியே விடவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

சாவதற்கு மூன்று நாள் முன்பு அரசர் அவனை ஒதுக்கிவிட்டு, அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அழைத்து ராஜ மோதிரத்தை நீட்டினார். ஸ்ரீரங்கன் அழுதான், வேண்டாம் என்று காலில் விழுந்தான். கிழவர் மோதிரத்தைக் கழற்றி விரல் நுனியில் வைத்து இரண்டாம் முறை நீட்டினார். சுற்றி நின்ற தளபதிகள் சொன்ன பிறகே வாங்கித் தலையில் வைத்து, விரலில் போட்டுக்கொண்டான். சில மாதங்களில் அரசியின் பிறந்த வீட்டுக் கொப்பூரி ஜக்கராயர் கிளர்ந்தெழுந்து, ‘சிக்கராயர்’ பேரைச் சொல்லி ஸ்ரீரங்கனைச் சிறையில் அடைத்தார். பிறகு குடும்பத்தோடு தீர்த்துக்கட்டினார்.

பிறப்பைக் காட்டி மறுத்தது நியாயம்தானே என்பார்கள். பொய்யால் வந்த உரிமை உரிமையாகுமா? இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஸ்ரீரங்கனும் அவன் பிள்ளைகளும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ரத்தத்தை அளவுகோலாக எடுத்தால் அந்தச் சிம்மாசனமே தள்ளாடும். சங்கம வம்சத்தார் கையிலிருந்து 1485இல் அதைப் பறித்தவர் இதே சந்திரகிரியைத் தளமாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர். அவர் வம்சத்தை ஒதுக்கிவிட்டு வந்தவர்கள் துளுவர். வேங்கடபதியின் ஆரவீடு குலத்துக்குக் கதவைத் திறந்தது, அந்தக் குலத்து ராமராயர் கிருஷ்ணதேவராயரின் மாப்பிள்ளை என்பது. ‘அளிய’ ராமராயர் என்றே பெயர், அளிய என்றால் மருமகன். மூன்று தடவை ரத்தம் மாறிய அரியணையில், நாலாவது தடவை மட்டும் ரத்தம் கேட்டார்கள்.

இன்னொரு நெருடலும் உண்டு. பிறப்பைப் பற்றிய பழி தோற்ற பக்கத்தின் மேல்தான் ஒட்டும். ஜக்கராயர் ஜெயித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி நமக்கு வந்திருக்கலாம். கடிதம் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பையன் செய்த தப்பு என்ன?

அரசிக்கு நேர்வழியும் இல்லை. ஒரே வர்ணத்துப் பிள்ளையைத்தான் தத்தெடுக்கலாம் என்று சாஸ்திரக்காரர்கள் வற்புறுத்திய உலகம் அது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. தத்து வந்த நாளிலிருந்து பிள்ளை எல்லா விதத்திலும் அந்த வீட்டுப் பிள்ளை. செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு வரும் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் பெற்றோரின் பங்கோடு நிற்கிறது. பெரியப்பா, சித்தப்பா பங்கில் கைவைக்க முடியாது.

அரசியை மன்னிக்கலாம். அரசரை மன்னிப்பதுதான் கஷ்டம். பதினான்கு வருஷம் அவருக்கு நேரம் இருந்தது. ‘இவன் என் மகன்’ என்று சபையில் சொல்லியிருக்கலாம். ‘இவன் மகனில்லை, ஆனால் இவனுக்கு ஒரு சீமை எழுதிவைக்கிறேன்’ என்றும் சொல்லியிருக்கலாம். பட்டப்பெயரைக் கொடுத்துக் கதவைப் பூட்டியது இரண்டிலும் சேராது. பட்டப்பெயர் ஜக்கராயருக்கு ஆயுதமாயிற்று. பூட்டிய கதவு எதிர்த்தரப்புக்குச் சாட்சியாயிற்று. மனைவி முகம் வாடக்கூடாது என்ற மௌனத்துக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள்.

ஸ்ரீரங்கனின் நடுப்பிள்ளை ராமதேவன், பன்னிரண்டு வயது, மட்டும் தப்பினான். ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற வெலுகோடி யாசம நாயகர், துணி வெளுக்க உள்ளே போய்வருகிற ஒருவரைப் பிடித்து அவனை வெளியே கொண்டுவந்தார். கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூர்ச் சண்டையில் தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமருக்குத் துணை நின்றார். மதுரையும் செஞ்சியும் எதிர்ப்பக்கம். ஜக்கராயர் அங்கே செத்தார். 1617இல் ராமதேவன் பட்டத்துக்கு வந்தான். அப்புறமும் பகை ஓயவில்லை. கடைசியில் ஜக்கராயரின் தம்பி எதிராஜர் தன் மகளை ராமதேவனுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். ராமதேவனின் தாய் தகப்பனைக் கொன்ற வீட்டுப் பெண் ராமதேவனுக்கு ராணியானாள். அந்தக் கல்யாணத்துக்கு ரத்தம் யாருக்கும் தடையாகத் தெரியவில்லை.