நற்பெயர் எனும் அமானத்



தொழில் தொல்லையால் வக்துக்குத் தொழ முடியவில்லை என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. கடையிலிருப்பவர் வாடிக்கைக்காரரைக் காட்டுகிறார். அலுவலகத்திலிருப்பவர் மேலதிகாரியைக் காட்டுகிறார். வழியிலிருப்பவர் பஸ்ஸைக் காட்டுகிறார். இவர்கள் எல்லோரையும்விட வலுவான காரணம் சொல்லக்கூடிய தொழில் ஒன்றையும், அந்தத் தொழிலில் இருந்த ஒரு முஸ்லிமையும் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறோம். தொழில், பந்தாட்டம். இடம், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம்.

அங்கே மக்கள் உயிராக நேசிக்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவானது. மைதானமும் அப்படியே. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் நின்று, பந்தைக் காலால் உதைத்தும், கையில் ஏந்தி முஷ்டியால் தட்டியும் ஆடுகிறார்கள். நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்குமிடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்தில் போனால் ஒன்று. மோதலும் இழுபறியும் மிகுந்த, எலும்பு நொறுங்கும் ஆட்டம். குளிர்காலத்தில், மார்ச் முதல் செப்டம்பர் வரை நடக்கிறது. ஜூன் மாதத்தில் அந்நகரில் ஐந்து மணி கடந்ததும் மஃரிபு வந்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் முடிய நாலே முக்கால் ஆகலாம். அஸர் எங்கே போகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1988இல் பிறந்த பஷ்ஷார் ஹூலி இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார். 2006ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் எஸ்ஸெண்டன் சங்கம் அவரை எடுத்துக் கொண்டது, 2007இல் களமிறங்கினார். நான்கு ஆண்டுகளில் அங்கே 26 ஆட்டங்களே கிடைத்தன. பிறகு 2011 முதல் ரிச்மண்ட் சங்கத்தில் 206 ஆட்டங்கள். அவருக்கு முன்னரும் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த ஓரிருவர் இந்த ஆட்டத்தின் உச்சத்தில் இருந்ததுண்டு. ஆனால் ஐங்காலத் தொழுகையை வெளிப்படையாகப் பேணிய முதல் வீரர் என்று அந்நாட்டார் குறிப்பிடுவது ஹூலியைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த ஆட்டத்தின் கால்சட்டை முழங்காலுக்கு மேலே நிற்பது. அவ்ரத்தைப் பற்றிய சட்டம் நம் வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே, அந்தத் தொழிலுக்கு நாம் சான்றிதழ் எழுதித் தரவில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கதை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்.

அவர் தொழ இடம் கேட்டார். வெட்கப்படவில்லை, ஒளிந்து கொள்ளவுமில்லை. அந்தக் கேள்வி பரவி, 2012இல் மைதானங்களில் தொழுகை அறை ஏற்படுத்தும் முயற்சியாயிற்று. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் பழக்கமான மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், ஆட்டம் பார்க்க வரும் முஸ்லிம்கள் படிக்கட்டின் கீழோ வண்டி நிறுத்துமிடத்திலோ இடம் தேட வேண்டிய அவசியம் நீங்கிற்று. இது அளவுமீறிய சலுகை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். இருக்கட்டும். ஒருவர் தமக்காகக் கேட்டது பலருக்குக் கிடைத்தது. நம் ஊர்ச் சந்தைகளிலும் தொழிற்கூடங்களிலும் கேட்டால் மறுப்பார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டு, கேளாமலேயே எத்தனை தொழுகையைக் கழாவாக்கியிருக்கிறோம்!

நோன்பின் சங்கதியும் இருக்கிறது. அவர் ரிச்மண்டில் ஆடிய ஆண்டுகளில் எல்லா ரமலானும் ஆட்டப் பருவத்திலேயே வந்து விழுந்தது. கொள்ளை நோயால் ஆட்டங்கள் நின்றிருந்த 2020 மட்டுமே விலக்கு.

ஆனால், தொழ இடம் கிடைத்ததோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. அதன் பிறகே தொடங்குகிறது. "நான் முஸ்லிம்" என்று ஒருவர் பலர் அறியச் சொல்லிவிட்டால், அவர் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் அது மார்க்கத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. 2015இல் வானொலிக்காரர் ஒருவர் ஹூலியைப் பயங்கரவாதி என்று சொன்னதாகச் செய்தி எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்க, ஹூலி அதை ஏற்றுக் கொண்டார். இந்தப் பொறுமையால் அவருடைய மதிப்பு உயர்ந்தது. உயர்ந்த மதிப்பு 2017இல் தராசில் வைக்கப்பட்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் கார்ல்டன் அணியுடன் ஆட்டம். தம்மைப் பிடித்து இழுத்த எதிரணி வீரரை உதறிவிடக் கையைப் பின்னால் வீசினார். அடி தலையில் பட்டு அவர் சுயநினைவிழந்து விழுந்தார். தொடர்ந்து ஆட முடியவில்லை. விஷயம் ஆட்டத்தின் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. அங்கே ஹூலியின் நற்குணத்துக்குச் சான்று வைக்கப்பட்டது. அப்போதைய பிரதமர் மால்கம் டர்ன்புல் அவரைப் பற்றிச் சொல்லியிருந்த நல்வார்த்தைகளும், ஊடகத்தில் புகழ்பெற்ற முஸ்லிமான வலீத் அலீயின் சான்றும் எடுத்துக் காட்டப்பட்டன. தண்டனை இரண்டு ஆட்டத் தடை என்றாயிற்று. நாடெங்கும் கேள்வி எழுந்தது: பிரதமரைத் தெரியாத வீரன் அடித்தால் இதே இரண்டுதானா? ஆட்டத்தை நடத்தும் கழகமே மேல்முறையீடு செய்தது. தடை நான்கு ஆட்டங்களாக உயர்ந்தது.

இதில் நம் மார்க்கத்தின் தீர்ப்பு என்ன? பலர் உடனே மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணின் சம்பவத்தைச் சொல்வார்கள். திருடிய அவள் உயர்குலத்தவள் என்பதற்காக, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் அன்புக்குரிய உஸாமா ரலியல்லாஹு அன்ஹு அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நாயகம் அவர்கள் முகம் சிவந்து, தம் அருமை மகள் ஃபாத்திமாவே செய்திருந்தாலும் தண்டனை நிறைவேறும் என்று அறிவித்தார்கள். இது சரி. ஆயினும் மற்றொரு ஹதீஸும் உண்டு. அல்லாஹ் விதித்த குற்றத் தண்டனைகள் நீங்கலாக, கண்ணியமானவர்களின் சறுக்கல்களைப் பொறுத்துவிடுமாறு அது சொல்கிறது. தீமையால் அறியப்படாத மனிதர் ஒருமுறை தவறிவிடுவதே இங்கு கருதப்படுகிறது என்று இமாம் ஷாஃபிஈ ரஹிமஹுல்லாஹ் அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே நற்சான்றைக் கேட்டதே அநீதி என்று முதல் தீர்ப்பாயத்தை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் இதில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்: அடிபட்டு விழுந்தவர். அவருடைய தலைக்கு ஹூலியின் நல்ல பெயர் எந்த மருந்தும் இடவில்லை. அடியார்களின் ஹக்கு என்று ஆலிம்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நம் தொழுகையும் தர்மமும் நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளவை. பிறர் மேனியில் பட்ட அடிக்கு அவற்றைக் காட்டிக் கழிவு கேட்க முடியாது. நான்கே நியாயம் என்பது நம் கருத்து. ஹூலி, அடிபட்டவரிடம் வருத்தம் தெரிவித்து, தடையை அனுபவித்தார்.

நம் வீட்டுக்கு வருவோம். "பாய் கடை, அளவு சரியாயிருக்கும்" என்று அயல் சமயத்தவர் நம்பி வருகிற கடைகள் எத்தனையோ உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் பாட்டனார். பேரன் ஒருநாள் எடையில் குறைத்துவிட்டு, கேட்க வந்தவரிடம், "எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது தெரியுமா? பள்ளிவாசல் கட்டினவர்கள் நாங்கள்!" என்கிறான். பாட்டனார் விட்டுப்போன அமானத்தைப் பேரன் நூறு கிராம் பருப்புக்கு விற்றுவிட்டான். குறைந்த பருப்பு குறைந்ததுதான். பள்ளிவாசலின் பெயரை இழுத்ததால் கேட்டவர் மனத்தில் பள்ளிவாசலும் சேர்ந்து குறைந்தது. பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் இன்றிரவே பேசுவது நல்லது.

ஹூலி நான்கு ஆட்டங்கள் வெளியிலிருந்துவிட்டு அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மெல்பர்ன் மைதானத்தில் 1,00,021 பேர் முன்னிலையில் ரிச்மண்ட் 48 புள்ளி வித்தியாசத்தில் அடிலெய்டை வென்று, 37 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பெற்றது. 2019, 2020ஆம் ஆண்டுகளிலும் அதே அணிக்கே பட்டம். மூன்றிலும் அவர் ஆடினார். 2019இல் அகில ஆஸ்திரேலிய அணியிலும் அவர் பெயர் இடம் பெற்றது. 2021இல் மொத்தம் 232 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். முஸ்லிம் இளைஞர்களுக்காக அவர் பெயரில் பயிற்சிக் கூடமும், இஸ்லாமியப் பள்ளிகளுக்கிடையே ஒரு கோப்பைப் போட்டியும் அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டிருந்தன.