ஆஸியா என்று பெயரிடுமுன்...



பெண் மகவு பிறந்துவிட்டால் இப்பொழுது வீட்டில் எழும் முதற்பேச்சு, "யாரும் வைக்காத பெயராகப் பாருங்கள்" என்பதுதான். தெருவுக்குத் தெரு பாத்திமாவும் ஆயிஷாவும் இருப்பது குறையாம்! கைபேசியில் பட்டியல் பார்க்கிறோம். ஓசை இனிதாயிருந்தால் சூட்டிவிடுகிறோம். அப்படித் தேடுவோர் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று ஆஸியா.

நல்ல பெயர்தான். ஃபிர்அவ்னின் அரண்மனையில் இருந்துகொண்டே ஈமான் கொண்ட உத்தமியின் பெயர். திருமறையின் 66-வது அத்தியாயத்தில் அவர்களுடைய துஆ வருகிறது, பெயர் வரவில்லை. (குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண்மணி மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களே.) ஆஸியா என்பதை ஹதீஸின் வாயிலாகவே அறிகிறோம்.

ஆனால் நம் காதுக்கு இதே ஓசையாகப் படும் இன்னொரு பெயரும் உண்டு. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு அப்பெயர் இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை மாற்றி ஜமீலா என்று சூட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது. அப்பெயர் 'அய்ன்' எழுத்தில் தொடங்கும். நடுவே 'ஸாத்' வரும். மாறு செய்பவள் என்பது பொருள். பாவத்தை மஃஸியத் என்கிறோமே, அதே வேர்! ஃபிர்அவ்னின் மனைவியார் பெயரோ 'அலிஃப்'பில் தொடங்கி 'ஸீன்' வருவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஆஸியாதான். ('ச' போட்டு எழுதினால் பூகோளப் புத்தகத்துக் கண்டமாகிவிடும், அது வேறு வேடிக்கை.)

ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் நம்மவர் வீடொன்றில் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். ஆலங்காயம் வழியாக வாணியம்பாடியிலிருந்து உருது பேசும் உறவினர் ஏறி வருவர். போளூரிலிருந்து தமிழ் பேசும் உறவினர் வருவர். அவர்கள் ரம்ஜான் என்பர். இவர்கள் ரமலான் என்பர். ஸீனையும் ஸாதையும் பேச்சில் பிரித்துச் சொல்வது இரு சாராருக்கும் வழக்கமில்லை. ஆயினும் உருதுக்காரர் எழுதும்போது எழுத்து பிரிந்துவிடும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் மூதாட்டிகள் படித்த அரபுத்தமிழிலும் பிரிந்தே இருந்தது. அதைக் கைவிட்ட பின்னர்தான் நமக்கு இந்தக் குழப்பம்.

ஸானியா என்ற பெயரையும் பாருங்கள். 2003-ல் விம்பிள்டனில் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்ற ஸானியா மிர்ஸாவால் நாடறிந்த பெயர். உருதுவில் அது 'ஸே' எழுத்தில் தொடங்கும். இரண்டாமவள் என்று பொருள். மிர்ஸாவில் உள்ள 'ஸ'வோ வேறு எழுத்து. அந்த எழுத்தை ஸானியாவின் தலையில் வைத்தால், 24-வது அத்தியாயத்தின் 2-வது வசனத்தில் முதலில் வரும் சொல்லாகிவிடும். அதன் பொருளை இங்கே எழுத நாம் விரும்பவில்லை.

இதனால் ஆஸியா என்று பெயருள்ள வீட்டார் கலங்க வேண்டாம். தொண்டையை அழுத்தாமல், 'ஸ'வை மெலிதாக நம் தமிழ் நாவு சொல்வது ஸீனுக்கே நெருக்கமானது. அரபு போல் ஒலிக்கட்டும் என்று சிலர் வலிந்து தடிப்பாகச் சொல்கிறார்களே, அங்குதான் பழுது நேர்கிறது. இன்னொரு இடம் மக்தப். பிள்ளை தன் பெயரை ஓசையை வைத்து அரபியில் எழுதும். அய்னும் ஸாதும் போட்டுவிட்டால் பிறகு நிக்காஹ் பதிவேடு வரை அதுவே தொடரும். அவ்வாறு எழுதியிருந்தால் பெயரை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தைத் திருத்தினால் போதும்.

ஏழாம் நாள் அகீகாவுக்கு முன் பள்ளிவாசல் இமாமிடம் சென்று, இன்னாருடைய பெயர் என்று சொல்லி, அரபியில் எழுதி வாங்குங்கள். சர்க்கார் பதிவுக்காக அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை இடமுண்டு. இமாம் எழுதித் தந்த தாளைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்து, பிள்ளை மக்தபுக்குப் போகும் முதல் நாளில் உஸ்தாதிடம் காட்டுங்கள்.